வீட்டுக்குள்ளே ஒரு கடல்!

சுறா என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது புட்டுத்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறா வாங்கி வந்து, அவித்து, தோல் நீக்கி, உதிர்த்து, பூண்டும் மிளகும் தாராளமாகப் போட்டுக் கிண்டித் தராத பாட்டி எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? சினிமா ரசிகர்களுக்கோ 1975-இல் வந்த 'ஜாஸ்' படம் ஞாபகம் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கடலில் கால் நனைக்கவே பயந்தவர்கள் உண்டு.

இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒருவன் எங்கள் குடும்பத்தில் இருக்கிறான். என் அக்கா மகன். அவனுக்குச் சுறா என்பது ஆசையோடு வளர்க்க வேண்டிய ஒரு பிராணி!

லயத்து வீட்டில் கோழியும் ஆடும் வளர்த்த குடும்பம் எங்களுடையது. அக்கா முப்பது வருஷம் பால் மரம் சீவியவர். அத்தான் தோட்டத்தில் கொத்தனார் வேலை பார்த்தவர். பால் மரமெல்லாம் செம்பனையாக மாறிய பிறகு இருவரும் ஓய்வு பெற்று, ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் மகன் வாங்கிய தரைவீட்டுக்குக் குடிபோனார்கள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலையில் பாலத்தைக் கடந்து போய் இரவில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் அவனும் ஒருவன்.

சின்ன வயதில் அவனைச் செந்தோசாவுக்கு அழைத்துப் போனது நான்தான். 1991-இல் திறந்து 2016-இல் மூடப்பட்ட 'அண்டர்வாட்டர் வோர்ல்டு' அப்போது அங்கே இருந்தது. கண்ணாடிச் சுரங்கப்பாதையில் நாம் நடந்து போக, தலைக்கு மேலே சுறாக்கள் நீந்திப் போகும். பையன் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அன்று பிடித்த பைத்தியம்!

கடலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1909-லேயே சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. சிங்கப்பூரில் 1955 முதல் 1991 வரை 'வான் கிளீஃப்' மீன் காட்சிச்சாலை இருந்தது. நம் தலைநகரில் 2003-இல் 'அக்குவாரியா' வந்தது. ஆனால் அவையெல்லாம் சம்பளம் வாங்கும் ஆட்கள் இரவு பகலாய்க் கவனித்துக்கொள்ளும் இடங்கள். வீட்டில் சுறா வளர்ப்பது நடக்கிற காரியமா?

ஒன்பது நாள் வாழ்ந்த சுறா

நடக்கும் என்று நம்பித்தான் அவன் முதல் தடவை ஏமாந்தான். ஒரு கடையில் ஒரு சாண் நீளச் சுறாக்குட்டி ஒன்றைப் பார்த்தான். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை. "பெரிதாகுமா?" என்று கேட்டதற்கு, "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்" என்று கடைக்காரர் பதில் சொன்னாராம். வாங்கி வந்து மூன்றடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து விட்டான். ஒன்பதாம் நாள் காலையில் குட்டி மல்லாந்து கிடந்தது.

அக்கா அன்று சமைக்கவில்லை. "ஆட்டுக்குட்டி செத்தா அதுக்கு ஒரு நோவுன்னு சொல்லலாம். இது என்னடா, தண்ணிக்குள்ள இருந்துகிட்டே மூச்சுக்குத் தவிச்சுச்சே!" என்று சொல்லி அழுதார். அவன் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் நூறு பக்க நோட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, இந்தத் தடவை முதல்ல கணக்கு. அப்புறம் தொட்டி. கடைசியிலதான் சுறா. நீங்க கூட இருந்து போட்டுத் தாங்க."

நான் கணக்கு வாத்தியார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் தட்டிக் கழித்திருப்பேன்!

அமெரிக்காவில் இரண்டு வீடுகள்

கணக்குப் போடுமுன், பிறர் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தோம். இரண்டு சம்பவங்கள் கிடைத்தன.

நியூயார்க் மாநிலத்தில் லாகிரேஞ்ச்வில் என்ற ஊர். 2017 ஆகஸ்டில் அதிகாரிகள் ஒரு வீட்டைச் சோதனை போட்டார்கள். நிலவறையில் பதினைந்தடி அகலத்தில் ஒரு நீச்சல் தொட்டி. அதற்குள் உயிரோடு ஏழு சுறாக்கள்! செத்த சுறாக்கள் மூன்றும் அங்கே கிடைத்தன. அவற்றில் ஒன்று சுத்தியல்தலைச் சுறா. உயிரோடு இருந்தவற்றைப் பெரிய மீன் காட்சிச்சாலைக்குக் கொண்டு போனார்கள். 2021-இல் அந்த வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெரிதாக வளர்ந்து, கடலில் ஓயாமல் சுற்றித் திரியும் இனங்களை ஒரு நிலவறைக்குள் அடைத்தது அவர் செய்த தப்பு.

இரண்டாவது சம்பவம் வேடிக்கையானது. 2018 ஜூலையில் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், மீன் காட்சிச்சாலைக்கு வந்த சிலர், பதினாறு அங்குலச் சுறா ஒன்றை ஈரத் துணியில் சுற்றிக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்! இரண்டு நாளில் போலீஸ் கண்டுபிடித்தது. சுறா உயிரோடு நலமாக இருந்தது. திருடியவரின் வீட்டுத் தொட்டி, காட்சிச்சாலைத் தொட்டியைப் போலவே நேர்த்தியாக அமைந்திருந்ததாம். தொழில் தெரிந்த திருடர்!

ஒருவரிடம் பெரிய தொட்டி இருந்தது. எந்தச் சுறா எவ்வளவு வளரும் என்ற யோசனை இல்லை. இன்னொருவரிடம் கைத்திறன் இருந்தது, நேர்மை இல்லை. "நமக்கு மூன்றுமே வேண்டுமடா" என்றேன் அக்கா மகனிடம்.

எந்தச் சுறா?

பல சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடி மூச்சு வாங்கும். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் காட்சிச்சாலையில், பத்து லட்சம் கேலன் தொட்டியில் 2004 செப்டம்பரில் ஒரு வெள்ளைச் சுறாக் குட்டியை விட்டார்கள். 198 நாளுக்குப் பிறகு, அது கூட இருந்த சுறாக்களைக் கொன்றதால், கடலிலேயே திரும்ப விட்டுவிட்டார்கள். பத்து லட்சம் கேலனுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு முற்றம் எந்த மூலைக்கு?

ஆனால் தரையில் படுத்தபடியே வாயாலும் செவுளாலும் தண்ணீரை இழுத்து மூச்சு விடும் சுறாக்களும் உண்டு. அவற்றில் ஒன்று மூங்கில் சுறா. நம் தீபகற்பத்தைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலிலேயே வாழ்கிறது. பகலில் பாறை இடுக்கில் கிடந்து, இரவில் இறால், நண்டு, கணவாய், சிறு மீன் தேடித் தின்னும். கடல் வற்றும்போது குட்டையில் மாட்டிக்கொண்டாலும் தாக்குப்பிடிக்கும். பொரிக்கும்போது ஒரு சாணுக்கும் குறைவு. வளர்ந்து நின்றால் ஒரு மீட்டர், அதாவது மூன்றடிக்குச் சற்று மேல். குட்டியில் இருக்கும் அழகான பட்டைகள் வளர வளர மங்கி, வெறும் பழுப்பு நிறமாகிவிடும்! தொட்டிக்குத் தக்கபடி சுறா வளரும் என்பது சுத்தப் பொய். போதாத தொட்டியில் சுறா வளர்வதற்குள் செத்துப்போகும். அதனால்தான் அந்தப் பொய் வெளியே தெரிவதில்லை.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் மீன் கடைகளில் 'ஷார்க்' என்ற பெயரில் விற்கும் குட்டிகள் சுறாவே அல்ல. ஒன்று கெண்டை இனம். மற்றொன்று கெளிறு இனம்; பசாரில் நாம் 'பாத்தின்' என்று வாங்குகிற மீனின் உறவு. அதுவும் பெரிதாக வளரும் மீன். ஆசைக்கு வாங்கிய பிள்ளைகள் பிறகு ஆற்றில் கொண்டு போய் விடுகிறார்கள். அதுவும் தவறு.

ஆறாம் ஆண்டுக் கணக்கு

மூன்றடிச் சுறா முகம் இடிக்காமல் திரும்ப வேண்டும். ஆகவே தொட்டியின் அகலம் நான்கடி, நீளம் எட்டடி. ஆழம்? பையன் நான்கடி என்றான். நான் இரண்டடி என்றேன். மூங்கில் சுறா தரைவாசி. அதற்கு வேண்டியது தரைப் பரப்பு. அது மட்டுமல்ல. தண்ணீரின் ஆழத்தை இருமடங்காக்கினால், சுவரைத் தள்ளும் விசை இருமடங்கு அல்ல, நான்கு மடங்கு!

எட்டு, நான்கு, இரண்டு. பெருக்கினால் 64 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக ஏறத்தாழ 1,800 லிட்டர். கடல் நீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனம். எனவே தண்ணீர் மட்டும் 1,845 கிலோ! நீளமான பக்கச் சுவர் ஒன்றை அது வெளியே தள்ளும் விசை சுமார் 460 கிலோ. ஒன்பது மூட்டை அரிசி இரவும் பகலும் சுவரில் சாய்ந்து நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே வகுப்பில் கொடுத்தேன். "ஐயா, அந்த வீட்டு மாடி தாங்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி! மாடி வீட்டின் மேல்தளத்தில் இதை நினைத்தும் பார்க்கக்கூடாது. அக்கா வீடு தரைவீடு. பின்புறக் கூரைக்கடியில், கெட்டியான தரையில் இடம் குறித்தோம்.

அத்தானின் தொட்டி

எட்டடிக் கண்ணாடித் தொட்டிக்கு விலை கேட்டு வந்த மகன் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அதுவரை ஒன்றும் பேசாத அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தோட்டத்துல எத்தனை தண்ணித் தொட்டி கட்டியிருக்கேன். ஒண்ணாவது ஒழுகுச்சா? கண்ணாடி ஒரு பக்கம் இருந்தாப் போதும்டா. மத்த மூணு பக்கமும் நான் கட்டித் தரேன்."

அப்படித்தான் கம்பி கட்டிய சிமெண்டுத் தொட்டி எழுந்தது. இதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு.

முதலாவது, உப்பு. உப்புத் தண்ணீர் சிமெண்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துருப்பிடித்து, சுவர் வெடிக்கும். சிமெண்டின் சுண்ணாம்புக் காரமும் மீனுக்கு ஆகாது. ஆகவே சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, படகுகளுக்குப் போடுவதுபோல் உட்புறம் முழுவதும் பைபர்கிளாஸ் பூசினோம். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பிப் பலமுறை கழுவினோம்.

இரண்டாவது, மூலை. சுறாவுக்குச் செங்குத்து மூலை ஆகாது. முட்டிக்கொண்டு மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். அத்தான் கரணையால் உள் மூலைகளைச் சட்டி போல உருட்டி விட்டார்.

மூன்றாவது, கண்ணாடி. அதை வெளியிலிருந்து ஒட்டினால் தண்ணீர் தள்ளித் தள்ளிப் பெயர்த்துவிடும். சட்டத்தின் உட்புறத்தில் பொருத்தினால், தண்ணீரே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெரிய காட்சிச்சாலைகளிலும் இந்த முறைதான். கண்ணாடியின் கனத்தை மட்டும் நாங்கள் ஊகிக்கவில்லை. கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் நீளத்தையும் ஆழத்தையும் சொல்லிக் கணக்கிட்டு வாங்கினோம்.

மேலே மூடி அவசியம். மூங்கில் சுறா இரவில் மேலேறி வெளியே விழுந்துவிடும். அடியில் மென்மையான மணல். கூர்மணல் வயிற்றைக் கீறும். பாறைகளை மணல்மேல் வைக்கக் கூடாது. சுறா மணலைத் தோண்டும்போது சரிந்து அதன் மேலேயே விழும். முதலில் பாறை, பிறகு மணல்.

கடலை வீட்டில் கலப்பது

"பத்து மைல்ல கடல் இருக்கே, லோரியில தண்ணி எடுத்தா என்ன?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நீரிணையின் இரு கரையிலும் தொழிற்சாலைகள், துறைமுகங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடினோமே, அதை எந்த ஆசிரியர் மறப்பார்? ஆகவே உப்பு வாங்கிக் கலப்பதென்று முடிவாயிற்று.

அது சமையல் உப்பல்ல. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பலவும் கலந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துத் தயாரித்த உப்பு வேண்டும். லிட்டருக்கு 35 கிராம். 1,800 லிட்டருக்கு 63 கிலோ. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும், அதற்கு 6.3 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 328 கிலோ! குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கிய பிறகே உப்பைக் கலக்க வேண்டும்.

தண்ணீர் முழுவதும் மணிக்கு ஐந்து தடவையாவது வடிகட்டி வழியே போய் வர வேண்டும். அதாவது மணிக்கு 9,000 லிட்டர். அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவி ஒன்று. நம் ஊர் உஷ்ணத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் ஒன்று. எல்லாம் சேர்த்துச் சராசரி 500 வாட் என்று வைத்தாலும், மாதம் 360 யூனிட் மின்சாரம். வெள்ளிக் கணக்கை நான் எழுதப் போவதில்லை. விலை மாறும், கணக்கு மாறாது. உங்கள் வீட்டு மின் கட்டணச் சீட்டை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மின்சாரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுறாவின் மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மணலுக்குள் மறைந்த இரையின் உடம்பிலிருந்து வரும் மிக மெல்லிய மின் அதிர்வைக்கூட அவற்றால் உணரும். தண்ணீரில் கிடக்கும் பம்ப் கொஞ்சம் கசிந்தாலும் சுறா நிலைகுலைந்துபோகும். மனிதனுக்கும் ஆபத்து. ஆகவே கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தை, உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பொருத்தினோம்.

காத்திருந்த ஆறு வாரம்

தொட்டி நிறைந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. "இப்ப விடலாமா மாமா?" என்றான். "இப்போது விட்டால் மறுபடியும் ஒன்பது நாள்தான்" என்றேன்.

முதல் குட்டி எதனால் செத்தது? மீனின் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கொடியதல்ல. வாராவாரம் தண்ணீர் மாற்றுவதில் குறைந்துவிடும். ஆனால் இந்தத் தொழிலாளிகள் வந்து குடியேறிப் பெருகுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தோட்டம் திறந்த அன்றே பால் எடுக்க முடியுமா? அதுபோலத்தான்.

வெறும் தொட்டியில் ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விட்டோம். தினமும் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, நோட்டில் குறித்தான். அம்மோனியா ஏறி இறங்கியது. நைட்ரைட் ஏறி இறங்கியது. ஏழாம் வாரம் இரண்டும் பூஜ்யம். தேர்வு முடிவு வந்த பிள்ளை மாதிரி போன் செய்தான்.

தோல் பைக்குள் ஓர் உயிர்

கடலில் பிடித்த குட்டி வேண்டாமென்று முன்பே முடிவு செய்திருந்தோம். மூங்கில் சுறா முட்டையிடும் இனம். கோலாலம்பூரில் சோடி வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஒரு முட்டை கிடைத்தது. முட்டை என்றால் கோழி முட்டை மாதிரி அல்ல. உள்ளங்கை அளவில், பழுப்பு நிறத்தில் தடித்த தோல் பை. இருட்டில் டார்ச் விளக்கை அதன் பின்னால் பிடித்தால், உள்ளே மஞ்சள் கருவும் அதன்மேல் துடிக்கும் ஒரு சின்ன வாலும் தெரியும். அக்கா முதன்முதலாக அதைப் பார்த்தபோது வாயில் கை வைத்துக்கொண்டார். "ஸ்கேன்ல பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருக்குடா!"

2013-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே இனத்தின் முட்டைகளை வைத்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். எதிரி நெருங்குவது போன்ற மின் அதிர்வைத் தண்ணீரில் உண்டாக்கினால், முட்டைக்குள் இருக்கும் குஞ்சு செவுள் அசைவையே நிறுத்தி, மூச்சடக்கி இருந்துவிடுகிறதாம்! பிறக்குமுன்பே தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த உயிர்.

முட்டையிட்டதிலிருந்து பொரிக்க நான்கைந்து மாதம் ஆகும். ஒரு காலை அந்தப் பை வெறுமையாகக் கிடந்தது. பாறையடியில், கறுப்பு வெள்ளைப் பட்டையோடு அரையடிக் குட்டி. முதல் சில நாள் வயிற்றில் மிச்சமிருந்த கருவே அதற்கு உணவு. பிறகு இறால் துண்டும் கணவாய்த் துண்டும். உறைய வைத்த மீனையே கொடுத்தால் வைட்டமின் குறையும். தனியாகச் சேர்க்க வேண்டும். அயோடின் குறைந்தால் சுறாவுக்கும் கழுத்துக் கழலை வரும் என்பது உங்களுக்குத் தெரியுமா? மற்ற மீன்களின் நோய்க்குப் போடும் செம்பு மருந்தோ சுறாவைக் கொல்லும் என்று எச்சரிக்கிறார்கள்.

மின்சாரம் நின்ற இரவு

குட்டிக்கு ஏழு மாதம். நான் அன்று அங்கே தங்கியிருந்தேன். இரவு பதினோரு மணிக்கு இடி, மழை. மின்சாரம் போயிற்று. பம்ப் நின்றது. அவ்வளவு நாளாகப் பழகிப்போன ஓசை நின்றதும் வீடே வெறிச்சென்றிருந்தது.

மூங்கில் சுறா சில மணி நேரம் தாங்கும். ஆனால் ஓட்டம் நின்றால் வடிகட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் சாகும். அவை செத்தால் மறுநாள் தண்ணீர் விஷமாகும். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுக் கருவியை வடிகட்டிக்குள் போட்டோம். தொட்டிக்கு? அக்கா ஒன்றும் பேசாமல் பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, மெதுவாக ஊற்றினார். மறுபடியும் மொண்டார். விழும் தண்ணீரில் காற்றுக் கலக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"குடுங்கம்மா, நான் ஊத்துறேன்" என்றான் மகன்.

"முப்பது வருஷம் பால் வாளி தூக்கின கைடா இது. நீ போய்த் தூங்கு. காலையில பாலம் தாண்டணும்."

அவன் தூங்கவில்லை. யாரும் தூங்கவில்லை. முறை வைத்துக்கொண்டு நான்கு பேரும் ஊற்றினோம். அதிகாலை நாலரைக்கு விளக்கு எரிந்தது. அத்தான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி பாறையடியில் படுத்தபடி, செவுளை நிதானமாக அசைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சோதனையில் அம்மோனியா பூஜ்யம். அந்த மாதச் சம்பளத்தில் பையன் முதலில் வாங்கியது ஒரு பெரிய பேட்டரி.

கடலில் விடலாமா?

சுறாவுக்கு இப்போது இரண்டு வயது. இரண்டடி நீளம். சென்ற விடுமுறையில் என் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அழைத்துப் போய்க் காட்டினேன். ஒரு சிறுமி கேட்டாள்: "அண்ணா, இன்னும் பெரிசானா கடல்ல விட்டுடுவீங்களா?"

"முடியாது தங்கச்சி" என்றான். "தொட்டியில பிறந்ததைச் சும்மா கொண்டு போய் விட்டா, அது பட்டினி கிடந்து சாகும். தொட்டியில இருக்கிற நோயும் கடலுக்குப் போயிரும்."

அவன் சொன்னது சரி. வளர்ப்பில் உண்டான சுறாவைக் கடலுக்கு அனுப்புவது பெரிய ஏற்பாட்டோடு நடக்க வேண்டிய காரியம். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் வரிக்குதிரைச் சுறா ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. மீன் காட்சிச்சாலைகளில் இட்ட முட்டைகளை அங்கே அனுப்பி, பொரிக்க வைத்து, கடலோடு சேர்ந்த அடைப்புகளில் இரை தேடப் பழக்கி, 2023 ஜனவரியில் முதல் குட்டிகளைக் கடலில் விட்டார்கள். பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து செய்த வேலை அது. தனி ஒருவர் வாளியில் கொண்டு போய்க் கொட்டுகிற காரியம் அல்ல.

நம் நாட்டிலும் திமிங்கிலச் சுறாவுக்கும் வேளா மீனுக்கும் 1999 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எந்த இனத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று மீன்வளத் துறையிடம் கேட்டறிந்த பிறகே எதையும் வாங்க வேண்டும்.

"அப்படின்னா எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?" என்று சிறுமி விடவில்லை.

"பதினைஞ்சு, இருபது வருஷம் இருக்கும்மா."

"அண்ணனுக்கு வரப்போற அண்ணிகிட்ட முதல்ல இதைச் சொல்லிடணும்" என்று அக்கா சொல்ல, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

வாசகர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் சுறா வளர்க்கப் புறப்பட வேண்டாம். அதற்காக நான் எழுதவில்லை. நாயோ, பூனையோ, கிளியோ, ஒரு ஜாடி மீனோ, உங்கள் பிள்ளை எதற்கு ஆசைப்பட்டாலும் உடனே திட்டாதீர்கள். உடனே வாங்கியும் கொடுக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். அது எவ்வளவு வளரும்? எத்தனை வருஷம் வாழும்? என்ன தின்னும்? வீட்டில் மின்சாரம் நின்ற இரவில் அதன் பக்கத்தில் யார் விழித்திருப்பார்கள்? இந்த நான்கு கேள்விக்கும் பிள்ளை விடை எழுதி வரட்டும். அதன் பிறகு வாங்கலாம். விடை வராவிட்டால், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதே அந்த உயிருக்குச் செய்கிற புண்ணியம்.

அந்த நூறு பக்க நோட்டு இப்போது முடிந்துவிட்டது. இரண்டாவது நோட்டு அக்கா வீட்டுப் பின்புறச் சுவரில், தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன் முதல் பக்கத்தில் அவன் எதுவும் எழுதவில்லை. ஒன்பது நாள் வாழ்ந்த குட்டியின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான்.